ஆரு ஷா வரிசை: பாரதம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஐந்து ஆங்கில நாவல்கள்

பாண்டவர் ஐவரும் இந்தப் பிறவியில் பெண்பிள்ளைகள். அர்ச்சுனனின் ஆன்மாவைச் சுமக்கும் பிள்ளை அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஸ்பைடர்மேன் படம் போட்ட இரவு உடையோடு உலகைக் காப்பாற்றக் கிளம்புகிறாள். ரோஷனி சோக்‌ஷி எழுதிய ‘பாண்டவா’ வரிசை இந்த ஒரு கற்பனையின் மேல்தான் நிற்கிறது. 2018-இல் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நூல்கள் வந்து, 2022-இல் கதை முடிந்துவிட்டது. அடுத்த பாகம் எப்போது என்று காத்திருக்கும் தொல்லை இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பெரிய ஆங்கில நாவலாக எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் இந்த வரிசையைச் சொல்வேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நூல் கைக்கு வருவதற்கு முன் பாரதக் கதை தமிழில் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்க வேண்டும். விழாமல் போனால் என்ன கெடும், விழுந்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் கீழே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் நூல்களின் வரிசை. ‘ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’ 2018, ‘தி சாங் ஆஃப் டெத்’ 2019, ‘தி ட்ரீ ஆஃப் விஷஸ்’ 2020, ‘தி சிட்டி ஆஃப் கோல்ட்’ 2021, ‘தி நெக்டர் ஆஃப் இம்மோர்ட்டாலிட்டி’ 2022. எல்லாத் தலைப்பும் ஆரு ஷா என்றே தொடங்குவதால் அட்டையைப் பார்த்து எது முதல், எது மூன்று என்று கண்டுபிடிப்பது சிரமம். நூலின் உள்ளே பதிப்பு ஆண்டைப் பார்த்து வரிசைப்படுத்துவது நல்லது. இடையில் ஒன்றை விட்டுப் படிக்க முடியாது. ஒவ்வொரு நூலும் முந்தைய நூலின் கடைசி அத்தியாயத்திலிருந்து ஒரு முடிச்சைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறது.

கிரேக்கப் புராணத்தை இன்றைய அமெரிக்கப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு கலந்து எழுதிப் புகழ்பெற்ற ரிக் ரியோர்டன், மற்ற பண்பாடுகளின் கதைகளை அந்தந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்களே எழுத வேண்டும் என்று தன் பெயரில் ஒரு பதிப்பு வரிசையை டிஸ்னி நிறுவனத்தின் கீழ் தொடங்கினார். அதில் வந்த முதல் நூல் ஆரு ஷாதான். சோக்‌ஷியின் தந்தை குஜராத்தி, தாய் பிலிப்பீனோ. ஆருவின் முதல் தோழி மினியும் அப்படி இரு இனம் கலந்த பிள்ளை. சீன, இந்திய இனம் கலந்த சிண்டியன் பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவராவது இருக்கும் நம் ஊர்ப் பள்ளிகளில் இதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

முதல் நூலின் கதை இது. ஆருவுக்கு 12 வயது. அம்மா தொல்லியல் அறிஞர். அவர் பொறுப்பில் இருக்கும் இந்தியக் கலை அருங்காட்சியகத்திலேயே தாயும் மகளும் குடியிருக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தன்னை உயர்த்திக் காட்டிக்கொள்ள ஆரு வாய்க்கு வந்ததையெல்லாம் புளுகுகிறாள். அதைச் சோதிக்க மூன்று வகுப்புத் தோழர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். ஏற்றவே கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்த பாரத விளக்கை, அவர்கள் விட்ட சவாலுக்காக ஏற்றுகிறாள். உள்ளே அடைபட்டிருந்த ஸ்லீப்பர் என்ற பழைய அசுரன் வெளியே வருகிறான். அம்மாவும் அந்தத் தோழர்களும் அப்படியே உறைந்து போகிறார்கள். அமாவாசைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் எமலோகம் போய் அவனை அழிக்கும் வழியைத் தெரிந்து வர வேண்டும். எமலோகத்தின் கதவுக்கு மூன்று சாவிகள்: இளமையின் ஒரு தளிர், வளர்ந்தோர் வயதின் ஒரு கடி, முதுமையின் ஒரு மிடறு. வழிகாட்டியாக வருவது ஒரு சிடுமூஞ்சிப் புறா. அதன் முழுப் பெயர் சுபலன் என்று வரும் இடத்தில், காந்தார நாட்டு மன்னர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அதற்கு மேல் இங்கே சொல்லக்கூடாது.

தொட்டவரைச் சாம்பலாக்கும் அசுரன் கதை ஓர் அழகு நிலையத்துக்குள் நடக்கிறது. இந்திரனின் வச்சிராயுதம் பிங்பாங் பந்தாகச் சுருங்கிச் சட்டைப்பைக்குள் இருக்கிறது. வேற்றுலகத்து இரவுச் சந்தை சாதாரண மனிதர் கண்ணுக்கு வெறும் பேரங்காடியாகத் தெரிகிறது. அந்த அத்தியாயத்தைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியிருந்தால், நம் ஊர் இரவுச் சந்தையான பாசார் மாலாம் என்று சொன்னால் போதும். மீதியை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். பழைய பொருளை இன்றைய பொருளுக்குள் ஒளித்துவைக்கும் இந்த வித்தையில் சோக்‌ஷி கெட்டிக்காரர். ஒவ்வொன்றுக்கும் புராணத்தில் ஓர் ஆணி அடித்துவிட்டுத்தான் நகைச்சுவையைத் தொங்கவிடுகிறார்.

முதல் நூலில் எல்லாவற்றுக்கும் மேலான இடம் மய மாளிகை வரும் பகுதி. இந்திரப்பிரத்தத்தில் பாண்டவருக்காக மயன் கட்டிய மண்டபம் நமக்குத் தெரிந்ததுதான்: தரையைத் தண்ணீர் என்றும் தண்ணீரைத் தரை என்றும் துரியோதனன் ஏமாந்து, பகை முற்றிய இடம். பாரதத்தில் சூதாட்டத்துக்குப் பிறகு அந்த மாளிகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சோக்‌ஷி கேட்கிறார். தன்னைக் கட்டி வாழ்ந்தவர்கள் விட்டுப் போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை என்ற கோபத்தோடு மாளிகை உயிரோடு காத்திருக்கிறது. வந்திருப்பவர்கள் தன் பழைய குடிமக்கள் என்று நம்பாமல் சோதிக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் எங்கள் பேராக் மாநிலத்தில் எத்தனையோ. அப்படி வந்த ஒரு பாட்டியின் பேத்தி இந்த அத்தியாயத்தை வாசித்தால், அட்லாண்டாவில் இருந்து எழுதியவர் எண்ணிப் பார்த்திராத ஒரு பொருளும் அவளுக்குக் கிடைக்கும். வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாமல், ஒரு முழு அமர்வையே இதற்கு ஒதுக்கலாம்.

இனி நிபந்தனைக்கு வருவோம். நூலைத் தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டிய பாரதம் அதிகமில்லை. நான்கு மாலைகள் போதும். முதல் மாலை பிறப்புக் கதை: பாண்டுவின் சாபம், துர்வாசர் குந்திக்குக் கொடுத்த மந்திரம், எமதருமனால் தருமன், வாயுவால் வீமன், இந்திரனால் அர்ச்சுனன், அசுவினி தேவர்களால் மாத்ரிக்கு நகுல சகாதேவர். இதற்கெல்லாம் முன்னே சூரியனால் பிறந்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனை இந்த மாலையிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவன் தேவைப்படுவான். இரண்டாம் மாலை காண்டவ வனம் எரிந்ததும், தட்சகனின் பகையும், மயன் மாளிகையும். மூன்றாம் மாலை சூதாட்டம், திரௌபதை சபதம். நான்காவது பாற்கடல் கடைந்தது: யார் எந்தப் பக்கம் பிடித்தார்கள், என்னென்ன எழுந்தன, அமுதம் யாருக்குப் போனது, அது நியாயமா. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஐந்தாம் நூல் முழுக்க அந்தக் கேள்விதான்.

இந்த நான்கு மாலையும் இல்லாமல் நூலைக் கொடுத்தால் இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று, பிள்ளைக்குப் பாதி நகைச்சுவை புரியாது. மினி எமதருமனின் மகள் என்று தெரியும் இடத்தில் வாசகர் வியக்க வேண்டும். எதைக் கண்டாலும் பயந்து, மருத்துவராக ஆசைப்பட்டு, சாகும் வழிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைக்கு அப்பா எமன். தருமனின் பிறப்பு தெரியாதவருக்கு அது வெறும் செய்தி. இரண்டாவது கேடு பெரியது. ஆசிரியர் கற்பனை செய்ததையும் பாரதத்தில் உள்ளதையும் பிள்ளை பிரித்தறியாது. ஸ்லீப்பர் என்ற பாத்திரம், பாரத விளக்கு, மூன்று சாவிகள், வேற்றுலகச் சந்தை எல்லாம் சோக்‌ஷியின் சொந்தச் சரக்கு. காண்டவ வனம், உலூபி, கற்பகத் தரு, குபேரன், அமுதம் பழங்கதை. நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் பழங்கதை, வலப்பக்கம் ஆசிரியர் சேர்த்தது என்று அத்தியாயம்தோறும் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் வீட்டுப் பெரியவரைக் கேட்க வேண்டும். இந்த ஒரு வேலையே பாட்டியையும் பேத்தியையும் ஒரே நூலின் மேல் உட்கார வைத்துவிடும்.

நூலின் பின்னால் சொற்பொருள் பகுதி ஒன்று உண்டு. ஆசிரியரே அதன் தொடக்கத்தில், இது முழுமையானது இல்லை, இந்தியா பெரிய நாடு, ஒரே கதை ஊருக்கு ஊர் மாறும் என்று சொல்லிவிடுகிறார். நேர்மையான பேச்சு. அந்தப் பகுதியைக் கடைசியில் விடாமல் முதலிலேயே ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. ஆனால் அதை அகராதியாக நம்ப வேண்டாம். விளக்கங்கள் பாதி கேலியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஊருக்கு ஊர் கதை மாறும் என்பதில் நமக்கு மிக முக்கியமான இடம் திரௌபதை. இரண்டாம் நூலில் வரும் ஏய்டன் என்ற பையன்தான் இந்தப் பிறவியின் திரௌபதை. எந்நேரமும் கேமராவோடு திரியும் அமைதியான பிள்ளை, அப்சரஸின் மகன். பாண்டவர் பெண்களாகிவிட்டதால் திரௌபதை ஆணாகியிருக்கிறார். கதைக்கு இது பொருத்தமே. ஆனால் ஆரு அவனை ‘வைஃபி’ என்று விடாமல் கிண்டல் செய்கிறாள். வட இந்திய வீட்டில் அது சிரிப்பாகக் கடந்துவிடும். திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் குடும்பத்தில் அவள் ஐவருக்கு மனைவி என்பதற்கு முன்னால் அவள் தெய்வம். “அம்மனை எப்படி டீச்சர் பையனாக்கலாம்?” என்று ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்வியை அமுக்கிவிட வேண்டாம். குஜராத்திக் குடும்பத்தில் கேட்ட பாரதத்தில் அவள் அரசி. நம் கோயிலில் கேட்ட பாரதத்தில் அவள் அம்மன். இந்த நூல் முன்னதிலிருந்து பிறந்தது என்று சொன்னால் 12 வயதுப் பிள்ளைக்கு விளங்கும். ஏய்டன் பாத்திரம் உண்மையில் கண்ணியமாகவே எழுதப்பட்டிருக்கிறது. முற்பிறவியில் தன்னைப் பங்குபோட்டுக்கொண்டதும், சபையில் எல்லோரும் வாய் மூடி நின்றதும் நினைவில் கசியும் ஓர் எச்சரிக்கையோடுதான் அவன் இந்தப் பிள்ளைகளோடு பழகுகிறான் என்று வாசிக்கவும் இடமிருக்கிறது.

இரண்டாம் நூலை நான் வரிசையிலேயே மேலானது என்பேன். காமனின் வில்லும் அம்பும் களவு போகின்றன. திருடியவர் அதைக் கொண்டு ஆண்களை இதயமில்லாத பொம்மைப் படையாக்குகிறார். பழி ஆருவின் மேல் விழுகிறது. வாயுவின் மகள் பிரின் இங்கேதான் சேர்கிறாள். சண்டைக்கும் சமையலுக்கும் எப்போதும் தயார், நன்றாகச் சாப்பிடுவாள். வீமன் விராடனின் மடைப்பள்ளியில் இருந்தது தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பொருத்தம் உடனே பிடிபடும். அனுமனும் வாயு மைந்தன்தான் என்பதால் அவருக்கும் பிரினுக்கும் என்ன உறவு என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கதை நாகலோகத்துக்குள் இறங்குகிறது. அங்கே உலூபி, முதுமையடைந்த நாக அரசியாக. செத்துக் கிடந்த அர்ச்சுனனை நாகமணியால் உயிர்ப்பித்தவள் என்ற வடமொழிக் கதையை ஆசிரியர் பயன்படுத்துகிறார். அந்தக் கதை அசுவமேத பருவத்தில் வருவது. வில்லிபுத்தூராரின் பாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுவதால் நம் வீடுகளில் பலருக்கு அது பழக்கமில்லை. நமக்குப் பழக்கமான உலூபி, களப்பலியான அரவானின் தாய். சோக்‌ஷி காட்டும் உலூபியின் துயரத்தில் மகனுக்கு இடமில்லை. இந்த அத்தியாயம் முடிந்ததும் அரவான் கதையைச் சொல்லி, அவன் இந்த உலகில் மறுபடி பிறந்திருந்தால் எங்கே பிறந்திருப்பான், யாருடைய பக்கம் நிற்பான் என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், வரும் கட்டுரைகள் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடைக்காதவையாக இருக்கும்.

இரண்டாம் நூலின் பகையாளி யார் என்பதை வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். ஒன்று மட்டும்: இராமாயணத்தில் நாம் சிரித்துவிட்டுக் கடக்கும் ஓர் இடத்தில் நின்று, சிரித்தது சரியா என்று கேட்கிறது இந்த நூல்.

மூன்றாவது நூல் எனக்குக் குறையாகவே படுகிறது. ஆருவுக்கு 14 வயது. இரட்டையரான நிகிதாவும் ஷீலாவும் வந்து ஐவர் கணக்கு நிறைகிறது. ஐவரில் ஒருத்தி உண்மையானவள் இல்லை என்று ஒரு தீர்க்கவாக்கு பயமுறுத்துகிறது. இழந்த பெயரை மீட்கக் கற்பகத் தருவைத் தேடிப் போகிறார்கள். பயணம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. எந்த இடமும் மய மாளிகை போல மனத்தில் தங்குவதில்லை. புதிய பிள்ளைகள் இருவருக்கும் போதிய பக்கங்களும் இல்லை. நகுல சகாதேவருக்குப் பாரதத்தில் நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்துவிட்டது. நூலை உயர்த்திப் பிடிப்பது ஸ்லீப்பரின் கடந்த காலம் பற்றிய பகுதிகள் மட்டுமே. வாசகர்கள் தொடரை நிறுத்திவிடுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். வட்டம் நடத்துகிறவர்கள் மூன்றாவதை வேகமாக முடித்து நான்காவதைத் தொடங்கிவிட வேண்டும்.

நான்காவதில் இலங்கை. இலங்கை என்றதும் இராவணனைத் தேடும் பிள்ளைக்கு, அங்கே குபேரன் ஆட்சி செய்வது குழப்பமாக இருக்கும். இலங்கை முதலில் குபேரனுடையது, மாற்றாந்தாய் மகனான இராவணன் அதையும் புஷ்பக விமானத்தையும் பறித்துக்கொண்டான் என்று முன்பே சொல்லி வையுங்கள். குபேரனின் படை யாருக்கு என்பதுதான் இங்கே பந்தயம். இந்த நூலில் கரா என்ற புதிய சகோதரி வருகிறாள். கர்ணனுக்காக வீட்டில் யாராவது அழுததைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, அவளைப் பற்றி அமெரிக்க வாசகரை விடப் பல அத்தியாயங்கள் முன்பே யூகித்துவிடும். நான்காவது, ஐந்தாவது நூல்களை நம் பிள்ளைகள் வேறு யாரையும் விட ஆழமாக வாசிக்கக் கூடியவர்கள் என்று நம்புகிறேன். குந்தி ஏன் சொல்லவில்லை, மூத்தவனுக்கு என்ன கடன் என்ற கேள்விகளோடுதான் நாம் வளர்கிறோம்.

ஐந்தாவதில் தெய்வ ஆயுதங்கள் கையில் இல்லாத நிலையில் கதை தொடங்குகிறது. அடுத்த பௌர்ணமிக்குள் அமுதத்தை ஸ்லீப்பர் அடைந்துவிடாமல் தடுக்க வேண்டும். நடுவில் வரும் ராக் இசைக் கச்சேரி போன்ற சில பகுதிகள் நீளம். அமுதம் தேவருக்கா அசுரருக்கா என்று ஆரு முடிவெடுக்க வேண்டிய இடம் அந்த நீளத்தையெல்லாம் மன்னிக்க வைக்கிறது.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஸ்லீப்பருக்கும் ஆருவுக்கும் என்ன உறவு என்பது முதல் நூலின் பெரிய அதிர்ச்சி. நான்காவது நூலின் பின்னட்டைக் குறிப்பு அதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. ஐந்தையும் ஒன்றாக வாங்கி அலமாரியில் அடுக்கினால், பிள்ளை எல்லாப் பின்னட்டையும் வாசித்துவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறக்கும். எனவே, வாங்கியிருந்தாலும் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள்.

ஆங்கிலத்தின் கடினம் பற்றி. நம் பாடத்திட்டம் ஆறாம் ஆண்டு முடிவில் எதிர்பார்ப்பது சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோலில் ஏ2 நிலை. இந்த நூல்களின் நடை அதற்கு மேலே, பி1-க்கும் பி2-க்கும் இடையில் இருக்கும் என்பது என் கணிப்பு. வாக்கியங்கள் நீளமில்லை, உரையாடல் நிறைய. பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடத்தில்: அமெரிக்கத் திரைப்படம், தின்பண்டம், தொலைக்காட்சி பற்றிய கேலிகள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அவற்றுக்கு அகராதியில் விடை இருக்காது. தெரியாத கேலியைத் தாண்டிப் போகலாம், கதை நழுவாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டினால் ஐம்பதாம் பக்கத்தோடு நூல் மூடப்படும். பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் கதையையே மறைத்தால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் காலம் வரவில்லை. முதல் நூலின் படக்கதைப் பதிப்பிலிருந்து தொடங்கலாம்.

அத்தியாயங்கள் பெரும்பாலும் பத்துப் பக்கத்துக்குள் முடிகின்றன. நாளுக்கு ஓர் அத்தியாயம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் முதல் நூல் இரண்டு மாதத்தில் முடியும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்ட பிறகு ஆறாம் ஆண்டின் பின்பாதியில் கிடைக்கும் மூச்சுவிடும் நேரத்துக்கு இந்த வேகம் பொருந்தும். முதல் மூன்று அத்தியாயங்களை யாராவது பெரியவர் உரக்க வாசித்துக் காட்டினால், பெயர்களின் உச்சரிப்புக் குழப்பம் தீரும். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வது இன்னும் எளிது. சொனீலா நன்கானி வாசித்த ஒலிநூலும் உண்டு. குரல் நடிப்பு துடிப்பானது, கேட்டுக்கொண்டே பக்கத்தைத் தொடர்ந்தால் வேகம் கூடும். அமெரிக்க உச்சரிப்புக்குக் காது பழக இரண்டு மூன்று அத்தியாயங்கள் பிடிக்கும்.

நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்கும் இவை உதவும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, சுருக்கம் என்று பதிய வேண்டியதை நூல் முடிந்த அன்றே பதிந்துவிடச் சொல்லுங்கள். தடித்த நூல் ஒன்றைப் படித்த பிள்ளையும் மெல்லிய நூல் பத்தைப் படித்த பிள்ளையும் எண்ணிக்கையில் ஒப்பிடப்படும்போது முன்னவருக்குச் சோர்வு வரும். ஆசிரியர்கள் பக்கக் கணக்கையும் பாராட்ட வேண்டும்.

பெற்றோர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை சில. ரத்தக்களரி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. பெற்றோர் பிரிவது, தாய் விட்டுப்போவது, தந்தை இல்லாமல் வளர்வது ஆகியவை கதையின் நெஞ்சுக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இது ஆறுதலாகவும் இருக்கலாம், கனமாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருங்கள். பிரினை வளர்ப்பது இணையராக வாழும் இரண்டு மாமாக்கள். நூல் அதை விவாதமாக்குவதில்லை, அன்பான வீடாகக் காட்டுகிறது. மூன்றாம் நூலிலிருந்து 14, 15 வயதுக்குரிய மெல்லிய காதல் எட்டிப் பார்க்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் இரண்டு போதும், மற்றவை பிறகு.

வாங்கும் விஷயம். சிறிய பட்டணத்துக் கடைகளில் இந்த நூல்களை எதிர்பார்க்க முடியாது. பேரங்காடிப் புத்தகக் கடைகளுக்காக ஈப்போ வரை போக வேண்டும், அல்லது இணையத்தில் வாங்க வேண்டும். இணையத்தில் இரண்டு பொறிகள். முதல் நூலின் படக்கதைப் பதிப்பு 2022-இல் அதே பெயரில் வந்தது. தேடலில் நாவலும் படக்கதையும் கலந்தே வரும். பக்க எண்ணிக்கையைப் பாருங்கள், நாவல் 350 பக்கத்துக்கு மேல் இருக்க வேண்டும். அடுத்தது கள்ள அச்சு. விலை மற்ற இடங்களில் பாதிகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். கைக்கு வந்ததும் அட்டைப் படத்தின் விளிம்பு மங்கலாக இருக்கிறதா, தாளின் மறுபக்க எழுத்து தெரிகிறதா, கடைசியில் சொற்பொருள் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கள்ள அச்சில் பசை சீக்கிரம் விட்டுவிடும். பத்துக் கை மாறும் நூலுக்கு அது ஆகாது. அமெரிக்கப் பதிப்பும் பிரிட்டிஷ் பதிப்பும் அட்டையிலும் அளவிலும் வேறுபடும். கதை ஒன்றுதான், கலந்து வாங்கினால் குற்றமில்லை. ரசீதை வைத்திருங்கள். வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை விலக்கில் புத்தகமும் அடங்கும்.

நூலகத்துக்கோ கோயில் மண்டபத்து வாசிப்பு வட்டத்துக்கோ வாங்குகிறவர்கள் ஐந்தையும் ஒரு படி வாங்குவதைவிட முதல் நூலில் மூன்று படி, இரண்டாவதில் இரண்டு, மற்றவற்றில் ஒவ்வொன்று என்று பிரித்துக்கொள்வது சரியாக வரும். தொடங்குகிறவர் பலர், மூன்றாவதைத் தாண்டுகிறவர் சிலர். மெல்லிய அட்டைப் பதிப்பை வந்த அன்றே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் முதலில் பிடிப்பது நூலின் மேல்விளிம்பில். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டால் அது குறையும். இரவல் கொடுக்கும்போது இரண்டாம் நூலைத் திருப்பித் தந்தவருக்கு மட்டும் மூன்றாவது. அரவான் கட்டுரை எழுதித் தந்தவருக்கு நான்காவதும் ஐந்தாவதும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.